ஊதாவா, பச்சையா? கிங்ஸ்டன் கல்லூரி – கலபார் தடகளப் போட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த இரண்டு பள்ளிகளைப் பற்றிய பேச்சு இது?

கிங்ஸ்டன் கல்லூரி, கலபார் உயர்நிலைப் பள்ளி. இரண்டும் ஜமைக்காவின் தலைநகர்ப் பகுதியில் இருக்கும் ஆண்கள் பள்ளிகள். முதலாவதின் பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் அதுவும் பள்ளிக்கூடம்தான்; ஊரார் அதைக் 'கேசி' என்றே அழைக்கிறார்கள். கேசியின் நிறம் ஊதாவும் வெள்ளையும். கலபாரின் நிறம் பச்சையும் கறுப்பும். மார்ச் மாதக் கடைசியில் கிங்ஸ்டன் தெருக்களில் ஒருவர் எந்த நிறத்தில் சட்டை போட்டிருக்கிறார் என்பதை வைத்தே அவரிடம் எந்தப் பேச்சைத் தவிர்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

பள்ளிப் பிள்ளைகள் ஓடுவதற்கா இத்தனை ஆரவாரம்? அது என்ன போட்டி?

முழுப் பெயர் நீளமானது: ஆண்கள், பெண்கள் பள்ளித் தடகளச் சாம்பியன் போட்டிகள். ஜமைக்கர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'சாம்ப்ஸ்' என்றால் போதும். ஐந்து நாள் விழா. பொதுவாகச் செவ்வாயில் தொடங்கிச் சனிக்கிழமை இரவு முடியும். பள்ளிகளுக்கிடையிலான விளையாட்டுச் சங்கமான 'இஸ்ஸா' இதை நடத்துகிறது.

முதல் போட்டி 1910-இல் சபைனா பார்க்கில் நடந்தது. ஆம், கிரிக்கெட் ரசிகர்களுக்குத் தெரிந்த அதே சபைனா பார்க். அன்று கலந்துகொண்டவை ஆறு பள்ளிகள், வென்றது வோல்மர்ஸ். மறு ஆண்டு ஜமைக்கா கல்லூரியின் (பெயரில் கல்லூரி இருந்தாலும் அதுவும் பள்ளிதான்) நார்மன் மான்லி 100 கஜத்தைப் பத்து விநாடியில் ஓடினார். அந்தச் சாதனை 1952 வரை நின்றது. அந்தப் பையன்தான் பின்னாளில் நாட்டின் முதலமைச்சரும் தேசத் தலைவர்களில் ஒருவருமான மான்லி. சாம்ப்ஸில் வென்றவன் பெயரை ஒரு நாடு எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடப் பழைய சான்று கிடைக்காது.

1962-இல் ஜமைக்கா விடுதலை பெற்ற ஆண்டில் தேசிய அரங்கம் திறக்கப்பட்டது. இப்போது போட்டி அங்கேதான் நடக்கிறது. பெண்களுக்கான போட்டி 1957-இல் தனியாகத் தொடங்கி, 1999-இல் ஆண்கள் போட்டியோடு இணைந்தது.

இந்தப் பகைமை எப்போது, எதனால் தொடங்கியது?

ஒரு தேதியைச் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் ஒரு காரணத்தைச் சொல்ல முடியும்: இரண்டுமே பந்தயத்துக்குத் தாமதமாக வந்த பள்ளிகள். சாம்ப்ஸ் தொடங்கியபோது இரண்டும் பிறக்கவே இல்லை. கலபார் 1912-இல் பாப்டிஸ்ட் திருச்சபையினரால் தொடங்கப்பட்டது. கேசி 1925-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் பெர்சிவல் கிப்சனால் தொடங்கப்பட்டது. அவரே முதல் தலைமையாசிரியர், பிறகு ஜமைக்காவின் ஆயர். வோல்மர்ஸின் வரலாறோ 1729 வரை பின்னோக்கிப் போகிறது. வசதியும் குடிப்பெருமையும் உள்ளவர்களின் பிள்ளைகளுக்கே உயர்நிலைக் கல்வி எட்டிய காலத்தில், மற்றப் பையன்களுக்காகத் திறக்கப்பட்ட கதவுகள் இவை.

பழைய பள்ளிகளிடம் பரம்பரை இருந்தது. இவர்கள் பெயரை ஓடித்தான் சம்பாதிக்க வேண்டியிருந்தது. ஒரே பசி கொண்ட இருவர் ஒரே கோப்பைக்குக் கை நீட்டினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை என்று ரசிகர்கள் சொல்வார்கள். எனக்கு அவை மிகவும் ஒத்தவையாகவே தெரிகின்றன. சண்டை கடுமையாக இருப்பதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

கோப்பையை எப்படித் தீர்மானிக்கிறார்கள்? அதிகத் தங்கம் பெற்ற பள்ளிக்கா?

இல்லை. இந்தப் போட்டியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இந்த ஒரு பதிலைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தனிநபர் போட்டி ஒவ்வொன்றிலும் முதல் எட்டு இடங்களுக்குப் புள்ளிகள் உண்டு: 9, 7, 6, 5, 4, 3, 2, 1. ஆண் பிள்ளைகளை வயதுப்படி மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். முதல் வகுப்பில் பெரியவர்கள், மூன்றாம் வகுப்பில் பதின்வயதின் தொடக்கத்தில் இருக்கும் சிறுவர்கள். ஓட்டம், தடை தாண்டி ஓட்டம், நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல், குண்டெறிதல், வட்டெறிதல், தொடரோட்டம் என்று எல்லாவற்றின் புள்ளிகளும் ஒரே கணக்கில் சேர்கின்றன. ஐந்து நாள் முடிவில் கூட்டல் பெரிதாக இருக்கும் பள்ளிக்குக் கோப்பை.

இதன் விளைவைப் பாருங்கள். 100 மீட்டரில் முதலாவதாக வரும் நட்சத்திரம் பள்ளிக்குத் தருவது ஒன்பது புள்ளி. யாரும் பெயர் கேள்விப்படாத மூன்று பையன்கள், வட்டெறிதலில் ஐந்தாவதாகவும் 1500 மீட்டரில் ஆறாவதாகவும் உயரம் தாண்டுதலில் ஏழாவதாகவும் வந்தால் அதுவும் ஒன்பது புள்ளிதான். பயிற்சியாளர்கள் இரவு உறக்கமில்லாமல் கணக்குப் போடுவது இந்த மூவரைப் பற்றித்தான். எட்டாம் இடத்துக்காக ஒரு பையன் கடைசி அடியில் நெஞ்சை முன்னால் எறிந்து கோட்டைத் தாண்டும்போது அவன் பள்ளிப் பகுதியில் எழும் கூச்சலைக் கேட்டால், புதிதாகப் பார்ப்பவர்கள் அவன் தங்கம் வென்றுவிட்டான் என்றே நினைப்பார்கள்.

உலகின் அதிவேகப் பையனை வைத்துக்கொண்டும் கோப்பையை இழக்கலாம். 2023-இல் கேசியின் பூவாஜி என்க்ருமி 100 மீட்டரை 9.99 விநாடியில் ஓடினார். சாம்ப்ஸில் பத்து விநாடிக்குள் ஓடிய முதல் பையன். அந்த ஆண்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது ஜமைக்கா கல்லூரி.

இதுவரை யார் அதிகம் வென்றிருக்கிறார்கள்?

கேசி. முப்பதுக்கும் மேற்பட்ட பட்டங்களோடு ஆண்கள் பிரிவில் எல்லாப் பள்ளிகளுக்கும் மேலே நிற்கிறது. கலபாரும் இருபதைத் தாண்டிய பள்ளி.

ஆனால் ரசிகர்கள் மொத்தக் கணக்கைவிடத் தொடர் வெற்றிகளைத்தான் பேசுவார்கள். கேசிக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால் 1962 முதல் 1975 வரை, ஓர் ஆண்டுகூட விடாமல் 14 பட்டங்கள் என்று தொடங்குவார். நாடு விடுதலை பெற்ற ஆண்டில் பள்ளியில் சேர்ந்த பையன், படித்து முடித்து, மணமாகி, குழந்தை பெற்ற பிறகும் கேசியே வென்றுகொண்டிருந்தது. கலபார்க்காரர் அதைப் பழங்கதை என்று தள்ளிவிட்டு 2012 முதல் 2018 வரையிலான ஏழு தொடர் வெற்றிகளைச் சொல்வார். அந்தத் தொடரை 2019-இல் அறுத்தது யார் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். ஏனென்றால் அறுத்தது கேசி. அதற்குப் பிறகு 2022, 2024, 2025 ஆண்டுகளிலும் கேசியே வென்றது. 2020-இல் கொரோனாவால் போட்டி நடக்கவில்லை.

இரு பள்ளிகளும் நேருக்கு நேர் மோதிய ஒரு கதை சொல்ல முடியுமா?

400 மீட்டர் ஓட்டத்தின் கதையைச் சொல்கிறேன்.

2003-இல் வில்லியம் நிப் பள்ளியின் உசைன் போல்ட், முதல் வகுப்பு 400 மீட்டரை 45.35 விநாடியில் ஓடினார். பத்தாண்டுக்கு மேல் அதை யாரும் நெருங்கவில்லை. பிறகு கலபாரில் ஜவான் பிரான்சிஸ் வந்தார். இவர் பள்ளி மாணவராக இருந்தபோதே 2013-இல் மாஸ்கோ உலகப் போட்டியின் 4x400 தொடரோட்டத்தில் ஜமைக்காவுக்காகக் கடைசிச் சுற்று ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றுத் தந்தவர். 2014 சாம்ப்ஸில் அவர் ஓடிய நேரம் 45.00. போல்ட்டின் சாதனை போயிற்று. பச்சைப் பகுதியில் கால் வைக்க இடமில்லாத கொண்டாட்டம்.

சரியாக 45 என்பது தொந்தரவான எண். அதற்குக் கீழே போகிறவன் யாராக இருந்தாலும் வரலாற்றில் முதலாவது ஆகிவிடுவான். 2015-இல் அந்தக் கதவைத் திறந்தவர் கேசியின் அகீம் புளூம்ஃபீல்டு: 44.93. கலபாரின் சாதனையை வேறு எந்தப் பள்ளி உடைத்திருந்தாலும் அவர்கள் பொறுத்திருப்பார்கள்.

கலபாருக்கு ஆறுதல் ஒன்று இருந்தது. அந்த 2015-ஆம் ஆண்டுக் கோப்பை அவர்களுக்குத்தான் போனது. புள்ளிக் கணக்கைப் பற்றி மேலே சொன்னது நினைவிருக்கும்.

கலபாரின் பெருமைக்குரியவர்கள் யார்?

முதலில் ஹெர்ப் மெக்கென்லி. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெள்ளி, 1952 ஹெல்சிங்கியில் 100 மீட்டரிலும் 400 மீட்டரிலும் வெள்ளி. ஹெல்சிங்கியின் 4x400 தொடரோட்டம்தான் அவருடைய உச்சம். மூன்றாவது ஆளாகக் கோலை வாங்கியபோது அமெரிக்கா வெகுதூரம் முன்னால் இருந்தது. அவர் அந்தச் சுற்றை 44.6 விநாடியில் ஓடி இடைவெளியை முழுதாக விழுங்கினார். ஜமைக்கா 3:03.9 என்ற உலகச் சாதனையோடு தங்கம் வென்றது. அந்த அணியின் ஆர்தர் விண்ட்டும் சிறிது காலம் கலபாரில் படித்தவர், பிறகு எக்செல்சியர் பள்ளிக்குப் போனவர். 1948-இல் மெக்கென்லியை முந்தி ஜமைக்காவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றதும் அவரே.

மெக்கென்லியின் பெருமை பதக்கங்களோடு நிற்கவில்லை. அவர் கலபாருக்குத் திரும்பிப் பல ஆண்டுகள் பயிற்சி அளித்தார். அவர் கையில் வளர்ந்த டென்னிஸ் ஜான்சன் 1961-இல் 100 கஜ உலகச் சாதனையைச் சமன் செய்தார். பிறகு கிங்ஸ்டனில், இன்று தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக இருக்கும் நிறுவனத்தில் தடகளப் பயிற்சித் திட்டத்தைக் கட்டியெழுப்பினார். அதுவரை நல்ல ஓட்டக்காரர்களுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம்தான் ஒரே வழி. உள்ளூரிலேயே தங்கி உலகத் தரத்தை எட்டலாம் என்ற வழியைத் திறந்தவர்களில் அவர் முக்கியமானவர்.

அண்மைக்காலத்தில் வட்டெறியும் ஃபெட்ரிக் டேக்ரஸ், 2012 லண்டனில் 200 மீட்டர் வெண்கலம் வென்ற வாரன் வியர், 2025 டோக்கியோ உலகப் போட்டியில் 100 மீட்டரை 9.77 விநாடியில் ஓடித் தங்கம் வென்ற ஒப்லீக் செவில் ஆகியோர் பச்சைச் சட்டை போட்டவர்கள்.

கேசியின் பக்கம்?

14 ஆண்டுத் தொடரின் காலத்து நாயகன் லெனாக்ஸ் மில்லர்: 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வெள்ளி, 1972-இல் வெண்கலம். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 110 மீட்டர் தடை ஓட்டத் தங்கம் வென்ற ஹான்ஸில் பார்ச்மென்ட்டும் கேசி மாணவர். எனக்கு வியப்பூட்டுவது வேறு: அண்மைக்காலக் கேசி, தாண்டும் வீரர்களின் பட்டறையாகவே மாறிவிட்டது. 2024 பாரிஸில் நீளம் தாண்டுதல் வெள்ளி வென்ற வெய்ன் பின்னாக், கேரி மெக்ளவுட், மும்முறை தாண்டுதலில் 17.87 மீட்டரோடு 20 வயதுக்குட்பட்டோருக்கான உலகச் சாதனை படைத்த ஜெய்டன் ஹிபர்ட் மூவரும் ஊதாச் சட்டைக்காரர்கள். ஜமைக்கா என்றாலே விரைவோட்டம் என்று நினைப்பவர்கள் இந்தப் பெயர்களைக் கவனிக்க வேண்டும். புள்ளிக்காகப் பள்ளிகள் மணல்குழிப் பக்கம் திரும்பியதால், நாட்டுக்கும் அங்கே ஆள் கிடைத்தது.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: மைக்கேல் ஹோல்டிங்கும் கேசியில் படித்தவர். அவர் பந்துவீச ஓடிவரும் அழகை நினைத்துப் பார்த்தால் ஆச்சரியம் வராது.

அப்படியானால் ஜமைக்காவின் எல்லா நட்சத்திரங்களும் இந்த இரண்டு பள்ளிகளிலிருந்துதான் வந்தார்களா?

இல்லவே இல்லை. போல்ட் டிரெலானி மாவட்டத்தின் கிராமப்புறப் பள்ளிக்காரர். யோகன் பிளேக் செயின்ட் ஜாகோ பள்ளி. அசஃபா பவல் சார்லமாண்ட் பள்ளி. உலகச் சாதனை படைத்த அவர் சாம்ப்ஸில் ஒரு முறைகூட வென்றதில்லை. ஷெல்லி-ஆன் ஃபிரேசர்-பிரைஸ் வோல்மர்ஸ் பெண்கள் பள்ளி. கோப்பையை வெல்வதும் உலகச் சாம்பியனை உருவாக்குவதும் வெவ்வேறு வேலைகள்.

ஆட்களை இழுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு உண்மையா?

ஜமைக்காவில் ஆண்டுதோறும் கிளம்பும் சண்டை இது. கிராமத்துப் பள்ளியில் பதின்மூன்று வயதில் ஒருவன் வேகமாக ஓடத் தொடங்கினால், அடுத்த ஆண்டு அவன் கிங்ஸ்டனின் பெரிய பள்ளி ஒன்றில் இருப்பான் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். தீவின் கிழக்குக் கோடியில் இருக்கும் செயின்ட் தாமஸ் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்ச்மென்ட் அங்கிருந்து வந்தார், செவிலும் அங்கிருந்து வந்தார். ஒருவர் கேசிக்கு, மற்றவர் கலபாருக்கு.

பெரிய பள்ளிகள் தரப்பு நியாயம்: நல்ல பயிற்சி, சத்தான உணவு, மருத்துவ உதவி, வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைக்கான வாய்ப்பு ஆகியவை பையனுக்குக் கிடைக்கின்றன. சிறிய பள்ளிகள் தரப்பு நியாயம்: கண்டெடுத்தவரும் முதல் காலணி வாங்கிக் கொடுத்தவரும் எங்கள் ஆசிரியர், பெயர் மட்டும் அவர்களுக்கா? என்னைக் கேட்டால் இரண்டாவது தரப்பின் வலி நியாயமானது, முதல் தரப்பின் வாதம் பையனின் பார்வையில் வலுவானது. மாணவர் மாறுதலுக்கு இஸ்ஸா விதிகள் வைத்திருக்கிறது. விதி இருக்கும் இடத்தில் விவாதமும் இருக்கும்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் பழைய மாணவர்களிடமிருந்து. நியூயார்க், ஃபுளோரிடா, டொராண்டோ என்று புலம்பெயர்ந்து வாழும் ஜமைக்கர்கள் பள்ளிச் சங்கங்களை வைத்திருக்கிறார்கள். காலை உணவு, காலணி, பயிற்சியாளர் ஊதியம் என்று பலவற்றுக்கும் அங்கிருந்து உதவி வருகிறது. ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவில் நடக்கும் பென் தொடரோட்டப் போட்டியில் இவர்களை மொத்தமாகப் பார்க்கலாம். 1964-இல் அங்கே முதன்முதலாக ஓடிய ஜமைக்கப் பள்ளி கேசிதான். இன்று அந்த அரங்கில் சனிக்கிழமை பிற்பகல் ஜமைக்காக் கொடிகளே கண்ணில் படும்.

சாம்ப்ஸுக்கு முன்பே இவர்கள் மோதுவதுண்டா?

உண்டு. பிப்ரவரி கடைசியில் கிப்சன்-மெக்கூக் தொடரோட்டப் போட்டி நடக்கும். கேசியை நிறுவிய கிப்சனின் பெயரில் 1973-இல் தொடங்கியது. பருவத்தின் தொடக்கத்தில் மெக்கென்லி-விண்ட் போட்டியும் நடக்கும், அது கலபார் பக்கத்துப் பெயர்கள். ஆக, சாம்ப்ஸுக்கு முன் ஒருவர் வீட்டு விருந்துக்கு மற்றவர் போய், பலத்தை எடைபோட்டுவிட்டு வருவது வழக்கம்.

தடகளம் மட்டுமன்றி மேனிங் கோப்பைக் கால்பந்திலும், தொலைக்காட்சியில் நடக்கும் பள்ளிகள் வினாடி வினாவிலும் இரு பள்ளிகளும் மோதுகின்றன.

அரங்கத்தில் சூழல் எப்படி? பாதுகாப்பானதா?

பள்ளி வாரியாகக் கூட்டம் பிரிந்து உட்காரும். முரசு, ஊதல், கொடி, பாட்டு. கேசிப் பகுதியில் 'ஃபோர்ட்டிஸ்' என்ற முழக்கம் ஓயாது; பள்ளியின் இலத்தீன் குறிக்கோளுரையின் முதற்சொல் அது. எதிர்ப்பக்கம் 'ரபலாக்' என்று கத்துவார்கள். கலபாரை ஆங்கில எழுத்துகளில் திருப்பி எழுதிப் பாருங்கள், விளங்கிவிடும். கேலிக்குக் குறைவில்லை. சனிக்கிழமை மாலை அரங்கம் நிரம்பி வழியும். நுழைவுச்சீட்டு கிடைக்காதவர்கள் வெளியே நின்று ஒலியை வைத்தே யார் வென்றார் என்று சொல்வார்கள்.

பெண்கள் பிரிவிலும் இப்படி ஒரு பகைமை உண்டா?

உண்டு, ஆனால் புவியியல் வேறு. அங்கே ஆட்சி செய்தவை பெரும்பாலும் கிராமப்புறப் பள்ளிகள். மெர்லின் ஆட்டியும் வெரோனிகா கேம்பல்-பிரவுனும் படித்த வேர் தொழிற்பள்ளி, பிறகு ஹோம்வுட், அதன் பின் எட்வின் ஆலன். எட்வின் ஆலன் 2014 தொடங்கி எட்டுப் பட்டங்களைத் தொடர்ந்து வென்றது. 2023-இல் அதை நிறுத்தியது ஹைடெல். அந்தப் போட்டியில் ஹைடெலின் அலானா ரீட் 100 மீட்டரை 10.92 விநாடியில் ஓடினார். உள்ளபடி சொன்னால், கடந்த சில ஆண்டுகளில் கேசி–கலபார் மோதலைவிட எட்வின் ஆலன்–ஹைடெல் மோதல் சூடாக இருந்தது. கலபாரின் இடத்தை ஜமைக்கா கல்லூரி பிடித்துக்கொண்டு 2021-இலும் 2023-இலும் வென்றதும் அதற்கு ஒரு காரணம்.

இவ்வளவு அழுத்தம் பிள்ளைகளுக்கு நல்லதா?

இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்: எப்போதும் நல்லதில்லை. ஒரே பையன் ஐந்து நாளில் இரண்டு போட்டிகளின் தகுதிச் சுற்று, அரையிறுதி, இறுதி, மேலும் தொடரோட்டங்கள் என்று ஓடுகிறான். புள்ளி தேவைப்படும் பள்ளிக்கு அவனுடைய தொடைத் தசை இரண்டாம்பட்சமாகிவிடும் ஆபத்து உண்டு. பதினைந்து வயதில் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தவர்கள் பலர் இருபதில் காணாமல் போயிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், முப்பதாயிரம் பேர் முன்னால் பதினேழு வயதில் ஓடிப் பழகியவனுக்கு ஒலிம்பிக் இறுதி புதிய இடமாகத் தெரிவதில்லை என்பதும் உண்மை. ஒருவன் பங்கேற்கும் போட்டிகளின் எண்ணிக்கையைக் கடுமையாகக் குறைப்பதே சரி என்பது என் கருத்து. கோப்பைக் கணக்குப் போடுபவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இங்கிருந்து பார்க்க முடியுமா? எந்த நேரத்தில்?

ஜமைக்காத் தொலைக்காட்சி நிறுவனம் இணையத்தில் கட்டணத்தோடு நேரலை தருவது வழக்கம். ஜமைக்கா நேரத்தைவிட இந்திய, இலங்கை நேரம் பத்தரை மணி முன்னால் இருக்கிறது. அங்கே சனிக்கிழமை இரவு எட்டு மணி என்றால் இங்கே ஞாயிறு காலை ஆறரை. 4x400 தொடரோட்டம் கடைசியில்தான் வரும். புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் கோப்பை அதில்தான் முடிவாகும் என்பதால், எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லாதவர்கள் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தை மட்டுமாவது பாருங்கள்.